முன்னுக்குப் போகிறவர்

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
12.11.2023

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய இளைய சகோதரன் திரு. பஸ்தியான் அவர்களுக்கு, மூத்த சகோதரி மார்த்தா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய அருளால் இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தை அறிய விரும்புகிறோம்.

நீ விமான நிலையத்திலிருந்து அனுப்பிய குரல்பதிவுக்கு உரிய காலத்தில் பதில் எழுதாமைக்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். விடுதியில் வெளிநாட்டார் நிறைந்திருந்தார்கள். பகலெல்லாம் குசினியில் நின்று அவர்களுக்குச் சமைத்தபின் பேனாவைப் பிடிக்கக் கை மறுத்தது. குரலில் பதில் சொல்லலாமே என்றாள் மகள் அஜித்தா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களில் மொழி கற்ற ஒருத்திக்கு, எழுதாத சொல் சொல்லாகாது. நான் தாளில் எழுதுவேன். அஜித்தா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நீயும் அவ்வாறே செய்வாயாக.

நீ சேர்ந்திருக்கும் மீன் பதனிடும் தொழிற்சாலை எவ்வாறு உள்ளது? ரஷ்யப் படை உக்ரேன் நாட்டுக்குள் புகுந்த செய்தியை முன்பு பத்திரிகையில் வாசித்தபோது, நமக்கென்ன என்று தாளை மடித்து வைத்தேன். அந்த ஆண்டுதான் மண்ணெண்ணெய்க்குக் கலனோடு வரிசையில் கிடந்தோம். நம் அரசிடம் வாங்கப் பணமில்லை. அந்தப் போர் விலையையும் ஏற்றிவிட்டது என்று வானொலி சொன்னது. உன் படகு கரையேறியது அப்போதுதான். இன்று அந்நாட்டுக்கே நீ தொழிலுக்குப் போயிருக்கிறாய். சண்டை எல்லையில், தொழிற்சாலையோ வெகுதூரத்தில் என்று உன்னை அனுப்பிய முகவர் உறுதி கூறியதால் மனம் அமைதியுற்றேன்.

நம் விடுதியிலும் ஒரு ரஷ்ய இளைஞர் தங்கியிருக்கிறார். பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் விளையாட்டுக்கு வந்தவர், காற்றுக் காலம் முடிந்தும் போகவில்லை. பெயர் அன்ரன். நம் ஊர்ப் பெயராகவே அமைந்துவிட்டது.

ஒரு முக்கிய விடயம். தை மாதத்தில் புனித செபஸ்தியார் திருவிழா. நோட்டீசின் வாசகம் வழக்கம்போல் என்னுடையது. மூன்றாம் நாள் உபயம் உன் பெயரில் உள்ளது. பெயருக்கு முன்னால் இடுவதற்கு உன் பதவியை அறியத் தருக. இனி மீனவர் என்று எழுதுவது பொருந்தாது.

இங்ஙனம்,
மார்த்தா


3.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள், அஜித்தா, மருமகன் ஜெனிஸ்டன் எல்லோரும் சுகமா?

எங்கள் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். இங்கே அதுதான் ஒழுங்காம். நம் கரைப்பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். ரஷ்யாக்காரர் சொல்வதை எங்களுக்குச் சொல்லுவார். கதை மாற்றும் ஐயா என்று கூப்பிடுவோம். அவரிடம்தான் போன். உங்கள் கடிதத்தை அவர் வாசித்துவிட்டுத் தருவார். என்னுடையதையும் வாசித்துவிட்டுத்தான் படம் எடுப்பார். நல்ல மனிதர்.

குளிர் அதிகம். மண் வெட்டுகிறோம். நம் ஊர் மணல் மாதிரி இல்லை, கல்லாக இருக்கிறது. காலுக்குச் சப்பாத்து பெரிது. சாப்பிடக் கறுப்புப் பாண் தருகிறார்கள். மீன் இன்னும் கண்ணில் படவில்லை.

பதவி கேட்டிருந்தீர்கள். எங்களை ஸ்துர்மவிக் என்கிறார்கள். தமிழில் என்னவென்று கதை மாற்றும் ஐயாவைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "முன்னுக்குப் போறவன் எண்டு எழுது" என்றார். நோட்டீசில் கட்டாயம் போட வேண்டும் என்றில்லை அக்கா. மீனவர் என்றே போடலாம்.

என் போட் தென்னைகளுக்குக் கீழேதானே கிடக்கிறது? வெயில் படாமல் ஓலை போடச் சொல்லுங்கள்.

தம்பி
பஸ்தியான்


சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
22.12.2023

அன்பு நிறைந்த சகோதரனுக்கு, பாலன் பிறப்புப் பெருவிழா வாழ்த்துகளுடன் மார்த்தா எழுதுவது. யாவரும் சுகம். அஜித்தா தாய்மை அடைந்திருக்கிறாள் என்னும் நற்செய்தியை முதலில் உனக்கே அறிவிக்கிறேன். ஆனி மாதத்தில் எதிர்பார்க்கிறோம்.

உன் மடல் கண்டு பெருமிதம் கொண்டேன். ஆயினும் ஒரு திருத்தம். 'முன்னுக்குப் போதல்' என்பது பிழை. வாழ்வில் உயர்வதை 'முன்னுக்கு வருதல்' என்றே நல்ல தமிழில் கூறுவர். உன் கதை மாற்றும் ஐயாவுக்கும் இதைத் தாழ்மையுடன் தெரிவிக்கவும். எல்லாவற்றையும் ஆராய்ந்து, உன் பதவியை 'முன்னணி அலுவலர்' என்று தமிழாக்கினேன். நோட்டீசில் அவ்வாறே, உன் புகைப்படத்துடன் வருகிறது.

பாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மார்த்தா, மீன் பக்டரியில இதென்ன பதவி?"

"பெரிய இடங்களில உள்ளது பாதர்" என்றேன்.

"சரி, நீ சொன்னா அகராதியே சொன்ன மாதிரி" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

இனி, உன் ஆலோசனை வேண்டும் விடயத்துக்கு வருகிறேன். முகவர் மீண்டும் வீடு வந்தார். மருமகன் ஜெனிஸ்டனுக்கும் உன்னிடத்திலேயே வேலை உண்டென்கிறார். கடவுச்சீட்டைக் கேட்கிறார். கூலிக்கு வலை இழுத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று மருமகன் துடிக்கிறார். மாமியாராகிய நான் அவரைப் போ என்றோ நில் என்றோ சொல்வது நம்மிடம் வழக்கமில்லை. நீ அஜித்தாவின் தாய்மாமன். உன் சொல்தான் செல்லும். அவர் வரலாமா, கூடாதா? ஒரு வரி எழுதுக.

இங்ஙனம்,
மார்த்தா


28.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். அஜித்தாவின் செய்தி கேட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோசம்.

திருநாள் நடந்திருக்கும். செபஸ்தியாரைத் தோளில் தூக்கினார்களா? அவரும் படையில் இருந்தவர் என்று பாதர் பிரசங்கத்தில் சொல்லுவாரே, இந்த முறையும் சொன்னாரா? எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

என் பக்கத்தில் படுத்த நேபாளக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய போர்வையும் இப்போது என்னிடம். அதனால் குளிர் குறைவு.

மருமகன் விஷயம். நீங்கள் என் தமிழைத் திருத்தியது சரி அக்கா. முன்னுக்கு வருவது வேறு, முன்னுக்குப் போவது வேறு. மருமகன் முன்னுக்கு வரட்டும். நீங்கள் எழுதிய அர்த்தத்தில் சொல்கிறேன். கதை மாற்றும் ஐயாவும் இதை வாசித்து, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று தோளில் தட்டினார்.

என் போட்டின் எஞ்சினைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். உப்புப் பிடித்துவிடும். மருமகனுக்கு அந்த எஞ்சின் பழக்கம்தானே.

தம்பி
பஸ்தியான்


சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
11.2.2024

பாசத்திற்குரிய சகோதரனுக்கு, மார்த்தா நன்றியுடன் வரைவது. இறையருளால் சுகம். அஜித்தாவுக்குக் காலையில் சற்றே மயக்கம், வேறொன்றுமில்லை.

'வரட்டும்' என்னும் ஒரே சொல்லில் ஒரு குடும்பத்துக்கு வழி திறந்துவிட்டாய். உன் கடிதத்தை மேசையில் வைத்து மகளுக்கும் மருமகனுக்கும் உரத்து வாசித்தேன். மருமகன் மறுநாளே கடவுச்சீட்டை முகவரிடம் கொடுத்துவிட்டார். பங்குனிக் கடைசியில் பாஸ்குத் திருநாள் கழிந்ததும் பயணம். விமான நிலையத்துக்கு நீ வர இயலுமா?

திருநாள் சிறப்பாக நடந்தது. செபஸ்தியாரின் படைச் சேவகத்தைப் பாதர் இம்முறையும் சொன்னார். மூன்றாம் நாள் உபயத்தில் உன் பதவியை ஒலிபெருக்கியில் வாசித்தபோது பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நோட்டீஸ் ஒன்றை விடுதிக் குசினியிலும் ஒட்டியிருக்கிறேன்.

படகைப் பற்றி நீ திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் விளங்கவில்லை. விற்பதாயின் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
மார்த்தா


கண்டக்குழி,
25.2.2024

தம்பி பஸ்தியானுக்கு,

இந்தக் கடிதத்தை அஜித்தா படமெடுக்கமாட்டாள். கதை மாற்றுபவரின் கண்ணில் இது படக்கூடாது. ஆயினும் உன்னை நோக்கி எழுதாமல் என்னால் இருக்க இயலவில்லை.

இன்று காலை அன்ரன் தேநீருக்காகக் குசினி வாசலுக்கு வந்தார். சுவரில் உன் படத்தைக் காட்டி யாரென்று கேட்டார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஃபாஹிம் அருகில் நின்றார். அன்ரனோடு ஆங்கிலத்தில் பேசக்கூடியவர் அவர்தான்.

"என்ட தம்பி. உங்கட நாட்டில பெரிய உத்தியோகம் எண்டு சொல்லும் ஃபாஹிம்" என்றேன்.

"மார்த்தாக்கா, ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சு இப்ப ரஷ்யாக்காரனுக்குமா?" என்று ஃபாஹிம் சிரித்தார்.

நானே நேராக அன்ரனைப் பார்த்து, "ஸ்துர்மவிக்" என்றேன். நெடுநாள் பழகிய சொல், உச்சரிப்பில் பிழையில்லை.

அன்ரன் கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ஃபாஹிமிடம் மெல்லப் பேசினார். ஃபாஹிமின் சிரிப்பு நின்றது.

"அக்கா, கொஞ்சம் இருங்க. அந்தக் கதிரையில இருங்க."

"நிண்டே கேக்கிறன். சொல்லும்."

"இது உத்தியோகம் இல்லையாம். ஆமியாம். சண்டையில ஆக முதல் ஓட விடுற ஆக்களாம். எதிர்ப்பக்கம் துவக்கு எங்க இருக்கெண்டு, இவங்கட மேல சுட்டாத்தான் பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியுமாம்."

"மீன் பக்டரியில என்னத்துக்குச் சண்டை?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டவள் நான், தம்பி.

அன்ரனும் அந்தப் படைக்கு அழைக்கப்பட்டவராம். அழைப்பு வந்த கிழமையே நாட்டைவிட்டு வெளியேறி வந்தாராம். உங்கள் ஆட்கள் ஏன் அந்த நாட்டுக்குள் புகுந்தார்கள் என்று கேட்கச் சொன்னேன். ஃபாஹிம் கேட்டுச் சொன்னார்: "முதல்ல ஒரு காரணம் சொன்னாங்களாம். பிறகு வேற ஒண்டு. அதுக்குப் பிறகு வேற. கடைசியில, காரணம் கேக்கிறதே குற்றம் எண்டாங்களாம்." பிறகு தாமாகவே முணுமுணுத்தார்: "இவன் ஓடி வந்திட்டான். இவன்ட இடத்துக்கும் ஒராள் வேணுமே." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க அக்கா" என்றார். அன்ரன்மேல் கோபம் கொள்ள முயன்றேன். அவர் குசினி வாசற்படியில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

முன்னணி என்னும் சொல்லுக்குப் போர்முனை என்றும் பொருளுண்டு. அதை அறிந்தவள்தான் நான். அறிந்தும் அது மனதில் வரவில்லை. நோட்டீசைக் கிழிக்கப் போனேன். உன் முகம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'முன்னுக்கு வரட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறாய். 'இங்கே வரட்டும்' என்று எழுதவில்லை. நான் எழுதிய அர்த்தம் என்றும் சொல்லியிருக்கிறாய்: ஊரிலேயே நின்று வாழ்வில் உயரட்டும் என்று. உன் படகையும் அதனால்தான் நினைவூட்டினாய். கதை மாற்றுபவர் எப்படி வாசித்தாரோ, அப்படியே நானும் வாசித்துவிட்டேன்.

மருமகனிடம் சொன்னேன். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசினார்.

"மாமி, அன்ரன் பயத்தில ஓடி வந்த ஆள். அவர் வேற எப்பிடிச் சொல்லுவார்? வரட்டும் எண்டு மாமாதானே எழுதினவர்."

"அது வேற வரட்டும், மருமகன்."

"வரட்டுமில வேற வரட்டும் இருக்கா மாமி?"

அஜித்தா வாய் திறந்தாள்: "அம்மா, நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க."


சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
27.2.2024

அன்புச் சகோதரனுக்கு, மார்த்தா எழுதுவது. சுகம். நீ சுகமா? இம்முறை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இலக்கணம் பற்றிய நம் உரையாடலைத் தொடர்கிறேன். கதை மாற்றும் ஐயா பொறுத்தருள்வாராக. 'வருதல்', 'போதல்' ஆகிய இரு சொற்களின் வேறுபாட்டை இப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். உன் எழுத்தில் பிழையில்லை. வாசித்தவளிடமே பிழை. ஆனால் என் மாணவர் ஒருவர் என் திருத்தத்தை ஏற்க மறுக்கிறார். மூலத்தை எழுதியவரே சொல்ல வேண்டும் என்கிறார். பாஸ்குக்குப் பின் அவருக்குப் பரீட்சை. அதற்குமுன், உனக்குத் தீங்கு நேராத வகை இருந்தால் மட்டும், ஒரு வரி.

உன் படகை விற்கமாட்டோம்.

மார்த்தா


19.3.2024

மருமகன் ஜெனிஸ்டன் அறியவும்.

இது வேறு ஆளின் போனில் வருகிறது. கதை மாற்றுபவருக்குத் தெரியாது. ஆசுபத்திரியில் இருக்கிறேன். காயம் இடது கையில், அதனால் எழுத முடிகிறது. அக்காவிடம் அதை மட்டும் சொல்லும், மற்றதை நீர் வாசித்த பிறகு அவருக்கு வாசிக்கக் கொடும்.

மீன் தொழிற்சாலை இல்லை. வந்த முதல் நாளிலிருந்தே இல்லை. எனக்குத் தெரியாத எழுத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கொஞ்ச நாள் துவக்குப் பிடிக்கப் பழக்கி, ஒரு ஊருக்குள் போ என்றார்கள். முதல் தடவை கூடப் போன நேபாளக்காரர், மாற்றலானார் என்று எழுதினேனே, அவர் வழியிலேயே முடிந்துவிட்டார்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக் குசினிக்குள் ஒளிந்திருந்தேன். ஒரு கதிரை விழுந்து கிடந்தது. மேசையில் பாண் பாதி வெட்டியபடி இருந்தது. சுவரில் மாதா படம். யாரோ சாப்பிட இருந்த நேரத்தில் நாங்கள் போயிருக்கிறோம். அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து, என் குசினியில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால், நான் என்ன சொல்வது தம்பி? கண்டக்குழியிலிருந்து வந்தேன் என்றா?

நான் 'வரட்டும்' என்று எழுதியது, நீர் அங்கே நின்று நல்லாய் வர வேண்டும் என்று. கதை மாற்றுபவர் வாசிப்பார் என்பதால் அப்படி எழுதினேன். இப்போது நேராகச் சொல்கிறேன். இங்கே வர வேண்டாம். பிள்ளை பிறக்கும்போது நீர் வீட்டில் நில்லும்.

என் போட்டை எடும். எஞ்சினுக்குப் புது பிளக் போட வேண்டும். கச்சான் காற்று எழும்பினால் கரைப்பக்கமாக உள்ளுக்கே நின்று தொழில் செய்யும், வெளியே போக வேண்டாம்.

காயம் ஆறியதும் திரும்ப முன்னுக்கு அனுப்புவார்களாம். பிழை இருந்தால் அக்கா திருத்தி வாசிக்கட்டும்.

பஸ்தியான்


சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
7.4.2024

என் தம்பிக்கு,

ஆசுபத்திரியில் உனக்குப் போன் தந்த அந்த நல்லவரின் இலக்கத்துக்கே இதை அனுப்புகிறோம். கை எப்படி இருக்கிறது? காய்ச்சல் உண்டா? மருந்து தருகிறார்களா?

உன் கடிதத்தில் நான் ஒன்றையும் திருத்தவில்லை.

மருமகன் தனியே கொண்டுபோய் வாசித்தார். திரும்பி வந்து தாளை என் கையில் தந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை நின்றார். "மாமி, பிளக் வாங்க கற்பிட்டிக்குப் போயிட்டு வாறன்" என்றார். முகவர் கடவுச்சீட்டைத் திருப்பித் தரவில்லை; அவருடைய தொலைபேசியும் இப்போது வேலை செய்யவில்லை. இருக்கட்டும். பயண நாளன்று ஜெனிஸ்டன் கடலில் இருந்தார். மாலையில் சூடை மீனோடு வந்து, "மாமாட போட்டில கைராசி இருக்கு" என்றார். அஜித்தா அழுதுகொண்டே மீன் கழுவினாள்.

அன்ரன் தம் மொழியில் மனுக்கள் எழுதித் தருகிறார். ஃபாஹிம் அவற்றைக் கொழும்புக்கும் ரஷ்யாவிலுள்ள நம் தூதரகத்துக்கும் அனுப்புகிறார். நீ எந்த ஊர் ஆசுபத்திரி என்று தெரிந்தால் இலகுவாக இருக்கும். ஊரின் பெயரை எழுது.

மார்த்தா


கண்டக்குழி,
16.6.2024

தம்பிக்கு,

சுகமா?

அஜித்தாவுக்கு ஆண் பிள்ளை. தாயும் சேயும் நலம். ஜெனிஸ்டன் ஆசுபத்திரி வாசலில் நின்றார், நீ சொன்னபடி.

ஏப்ரலில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. படத்தின் கீழே ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் கிடக்கிறது, போய்ச் சேரவில்லை என்று பொருள் என்கிறாள் அஜித்தா. அவளும் ஒவ்வொரு காலையும் பார்க்கிறாள்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை நீ. வேறு ஆளைக் கேட்கவில்லை. பாதர் பொறுத்திருப்பதாகச் சொல்கிறார்.

அக்கா


கண்டக்குழி,
27.10.2024

பஸ்தியான்,

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க இம்முறை எனக்கு ஒன்றுமில்லை. தாமதம் உன்னுடையது.

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளை குப்புற விழுகிறான். ஜெனிஸ்டன் சோளகக் காற்றுக் காலம் முழுக்க, நீ சொன்னபடி, கரைப்பக்கத்தோடு நின்றுகொண்டார். அன்ரனின் விசா முடிந்து வேறொரு நாட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தும் உன்னைத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறார். உன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று பதில் வருகிறதாம். உயிரோடிருப்பவர் பட்டியலிலும் இல்லை, மற்றதிலும் இல்லை.

நேற்றுக் கோயில் மூப்பர் சாள்ஸ் வந்தார். கார்த்திகை இரண்டாம் தேதி இறந்தோர் பூசைக்குப் பெயர் சேர்க்கிறார்கள். அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் கொடுத்தேன். அவர் போகாமல் பேனாவை உருட்டிக்கொண்டு நின்றார்.

"மார்த்தா, தம்பிட பேரையும் போடுவமா? ஒரு அமைதி கிடைக்கும்."

"ஆருக்கு மூப்பர்?"

"உனக்குத்தான் பிள்ள."

"எனக்கு அமைதி வேணாம். தம்பிட பேர் வேற நோட்டீசுக்கு இருக்கு."

அவர் போனதும் அமர்ந்து தைத் திருநாள் நோட்டீசை எழுதினேன். இவ்வளவு முன்கூட்டி நான் எழுதியதில்லை. மூன்றாம் நாள் உபயம்: மீனவர் பஸ்தியான். அவ்வளவுதான். நீ முதலிலேயே சொன்னாய், அப்படிப் போடலாம் என்று.

அந்தக் குசினியை அடிக்கடி நினைக்கிறேன். அந்தப் பாணை வெட்டியவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று உனக்காக வேண்டும்போதே அவளுக்காகவும் வேண்டுகிறேன். அவள் பெயர் தெரியாததால், குசினிக்காரி என்று சொல்லி வேண்டுகிறேன். நானும் ஒரு குசினிக்காரி. ஆண்டவருக்கு விளங்கும்.

நோட்டீஸ் மார்கழியில் அச்சுக்குப் போகும். அதற்குமுன் ஒரு வரி போதும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.

சீக்கிரம் பதில் எழுது.

அக்கா